கிரியாட்டினின் 1.4: சிறுநீரகம் தளர்ந்தவருக்கு மாரடைப்பு வந்தால்

விடிந்ததிலிருந்து அந்த அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது. வயது 70, எடை 45 கிலோ, சர்க்கரையும் பிரஷரும் இருபது வருடமாகக் கூடவே இருக்கின்றன. நெஞ்சு வலிக்கிறதா என்று மகன் கேட்டால் இல்லை என்கிறார். குமட்டலாக இருக்கிறது, உடம்பு அசந்து வருகிறது, அவ்வளவுதான். ராத்திரி சாப்பிட்ட கிழங்கின் மேல் பழி விழுகிறது. அலமாரியில் இருந்த வாயு சிரப்பை இரண்டு மூடி குடிக்கிறார். பத்து மணிக்கு மேல் தாங்க முடியாமல் போய்த்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறார்கள். ஈசிஜியில் கொஞ்சம் மாற்றம் தெரிகிறது. அது பழையதா புதியதா என்று சொல்ல முடியவில்லை. ரத்தத்தில் ட்ரோபோனின் கூடியிருக்கிறது. கிரியாட்டினின் 1.4. “கிட்னி லேசா வீக்கா இருக்கும்மா” என்று யாரோ சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

இந்த அம்மா விளக்கத்துக்காக நான் உருவாக்கிக்கொண்டவர். ஆனாலும் எந்த ஊர் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவிலும் அரை மணி நேரம் நின்றால் இவரைப் போன்ற ஒருவரைப் பார்த்துவிடலாம். இதயமும் சிறுநீரகமும் ஒரே நேரத்தில் சிக்கலுக்கு உள்ளானவர்கள் நம்மிடையே அத்தனை பேர்.

இவர்கள் விஷயத்தில் மருத்துவம் இரண்டு வகையில் தவறலாம். சிறுநீரகத்தைப் பார்க்காமலே எல்லோருக்கும் கொடுக்கும் அளவில் மருந்தைக் கொடுத்து ரத்தக்கசிவை வரவழைப்பது ஒன்று. சிறுநீரகத்துக்குப் பயந்து, கொடுக்க வேண்டியதையே கொடுக்காமல் விடுவது இன்னொன்று. முதல் தவறு உடனே கண்ணில் படும். வயிற்றில் ரத்தம் கசிந்தால் யாரும் கேள்வி கேட்பார்கள். இரண்டாவதை யாரும் தவறாகவே எண்ணுவதில்லை. “கிட்னி பேஷன்ட், வேற என்ன செய்ய முடியும்” என்று பேச்சு முடிந்துவிடும். அதிக ஆட்களைக் கொண்டுபோவது இந்த இரண்டாவதுதான் என்பது என் எண்ணம். 2004-லேயே அமெரிக்க சிறுநீரக மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் இதற்கு ஒரு பெயர் வைத்தார்கள்: ‘ரீனலிசம்’. நிறத்தையோ இனத்தையோ பார்த்து ஒதுக்குவதுபோல், சிறுநீரகத்தைப் பார்த்து ஒதுக்குவது. மாரடைப்பு வந்த முதியவர்களில் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு ஆஞ்சியோ செய்வது தேவையைவிட மிகக் குறைவாக இருந்ததைப் பார்த்து வைத்த பெயர் அது.

அந்த 1.4 என்ன சொல்கிறது

கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. தசை அதிகம் இருந்தால் அது அதிகம் உண்டாகும், சிறுநீரகம் வடிகட்டி வெளியே தள்ளும். ஆகவே ரத்தத்தில் இருக்கும் அளவை மட்டும் பார்த்துச் சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லிவிட முடியாது. ஜிம்முக்குப் போகும் 25 வயதுப் பையனுக்கும் இந்த அம்மாவுக்கும் ஒரே 1.4 இருக்கிறது என்று வையுங்கள். 2021-ல் திருத்தி வெளியிடப்பட்ட சூத்திரத்தில் போட்டால், வடிகட்டும் வேகம் பையனுக்கு நிமிடத்துக்கு சுமார் 71 மில்லி. அம்மாவுக்குச் சுமார் 40. ஆய்வுக்கூடச் சீட்டில் கிரியாட்டினினுக்குக் கீழே ‘இஜிஎஃப்ஆர்’ என்று ஒரு வரி இருக்குமே, அந்த எண்தான் இது.

60-க்குக் கீழே இந்த எண் 3 மாதத்துக்கு மேல் நின்றாலோ, சிறுநீரில் புரதம் தொடர்ந்து போய்க்கொண்டிருந்தாலோ அது நாள்பட்ட சிறுநீரக நோய். 30-க்குக் கீழே கடுமை. 15-க்குக் கீழே போனால் டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம் என்ற பேச்சு தொடங்கும். ‘லேசாக வீக்’ என்று சொல்லப்பட்ட அம்மாவின் சிறுநீரகம் உண்மையில் மூன்றாம் கட்டத்தின் பின்பாதியில் இருக்கிறது.

சிறுநீரகம் தளர்ந்தவருக்கு இதயம் ஏன் கெடுகிறது? சர்க்கரையும் பிரஷரும் இரண்டையும் ஒன்றாகவே அரிக்கின்றன என்பது பாதி விடை. மறுபாதி சிறுநீரகத்தின் வழியாகவே வருகிறது. வெளியேற வேண்டிய பாஸ்பேட் தேங்குகிறது. எலும்புக்குப் போக வேண்டிய சுண்ணாம்பு ரத்தக்குழாய்ச் சுவரில் படிகிறது. இப்படிப்பட்டவர்களின் இதயத் தமனி எக்ஸ்ரே திரையில் சாயம் ஏற்றுவதற்கு முன்பே கோடாகத் தெரிவதுண்டு. ரத்தசோகையும், தடித்துப்போன இதயத் தசையும், உடம்பில் ஓயாமல் கனன்றுகொண்டிருக்கும் அழற்சியும் இதோடு சேர்ந்துகொள்கின்றன. வடக்குக் கலிஃபோர்னியாவில் 11 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்து 2004-ல் வெளியான ஆய்வில், வடிகட்டும் எண் ஒவ்வொரு படி இறங்கும்போதும் இதய நோயும் மரணமும் ஒவ்வொரு படி ஏறின. சிறுநீரக நோயாளிகளில் பலர் டயாலிசிஸ் நாற்காலியில் உட்காரும் முன்பே இதயத்தால் போய்விடுகிறார்கள்.

வலிக்காத மாரடைப்பு

இதயத் தமனிக்குள் படிந்திருக்கும் கொழுப்புத் திட்டு திடீரென்று கிழிந்து, அதன்மேல் ரத்தம் உறைந்து குழாயை அடைக்கும்போது நடப்பதையெல்லாம் ஒரே குடும்பமாகப் பார்ப்பார்கள். முழு அடைப்பு, ஈசிஜியில் கோடு மேலே தூக்கி நிற்பது ஒரு வகை; ஆஸ்பத்திரிகளில் இதை ‘ஸ்டெமி’ என்பார்கள். பகுதி அடைப்பு, ஈசிஜி மழுப்பலாக இருந்து ரத்தப் பரிசோதனையில் மட்டும் பிடிபடுவது ‘என்ஸ்டெமி’. தசை சாகும் முன், வாசலிலேயே நிற்பது மூன்றாவது. சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அதிகம் வருவது இரண்டாவது வகை. நம் அம்மாவுக்கும் அதுதான்.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வியர்த்து விழுவது சினிமாவில் நடக்கிற மாரடைப்பு. மாரடைப்போடு அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் சேர்ந்த டயாலிசிஸ் நோயாளிகளில் நெஞ்சு வலி என்று சொன்னவர்கள் பாதிக்கும் குறைவு. சர்க்கரை நரம்பை மரக்கச் செய்திருக்கும். மூச்சு வாங்குதல், குமட்டல், அசதி, குழப்பம் என்று வேறு வேடத்தில் அது வரும். டயாலிசிஸ் செய்பவருக்கு மூச்சு வாங்கினால் ‘தண்ணி கோத்திருக்கு’ என்றுதான் முதலில் தோன்றும். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் ஈசிஜி எடுக்காமல் அந்த முடிவுக்கு வரக்கூடாது. அந்த வாயு சிரப் பற்றியும் ஒரு வார்த்தை: அவற்றில் பலவற்றில் அலுமினியமும் மக்னீசியமும் இருக்கின்றன, தளர்ந்த சிறுநீரகம் இரண்டையும் வெளியேற்றத் திணறும். அம்மாவுக்கு அது நேரத்தைத் தின்றதோடு நிற்கவில்லை.

ஈசிஜியும் இவர்களிடம் நேராகப் பேசாது. நாள்பட்ட பிரஷரால் தடித்த இதயம் நிரந்தரமாகவே கோணல் கோடுகளை வரையும். பொட்டாசியம் ஏறினால் ஈசிஜி அலைகள் கூர்த்து நிற்கும். இந்த நேரத்தில் மகன் பீரோவிலிருந்து போன வருடத்து ஈசிஜியை எடுத்துவந்து கொடுத்தால், வாசலில் நிற்கும் இளம் டாக்டருக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது.

அடுத்தது ட்ரோபோனின். இதயத் தசை அடிபடும்போது ரத்தத்தில் கசியும் புரதம் இது. சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்குக் கூடியிருந்தால் விஷயம் ஓரளவு தெளிவு. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அது வருடம் முழுக்கக் கூடியே இருக்கலாம். இதைப் பார்த்துவிட்டு இரண்டு விதமாகத் தவறுவார்கள். “கிட்னி பேஷன்ட்டுக்கு இது எப்பவும் இப்படித்தான்” என்று உண்மையான மாரடைப்பை ஒதுக்குவது ஒன்று. ஒரே ஒரு எண்ணைப் பார்த்து மாரடைப்பு என்று அடித்துச் சொல்வது மற்றது.

கிணற்றில் எத்தனை முழம் தண்ணீர் இருக்கிறது என்பது முக்கியமில்லை. ஏறுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். ஆகவே சில மணி நேரம் கழித்து இரண்டாவது தடவை ரத்தம் எடுப்பார்கள். துல்லியமான ட்ரோபோனின்-டி பரிசோதனையில் 14 வரை இயல்பு என்று கொள்வது வழக்கம். அம்மாவுக்கு முதலில் 60, மூன்று மணி நேரம் கழித்து 62 என்றால் அது அவருடைய அன்றாடக் கணக்காக இருக்கலாம். 60 என்பது 140 ஆனால் தசை இப்போது செத்துக்கொண்டிருக்கிறது. ஏற்கெனவே உயர்ந்திருப்பவரிடம் 20 சதவீதத்துக்கு மேல் ஏறினாலோ இறங்கினாலோ அதைப் புதிய அடியாகக் கொள்வார்கள். இரண்டு தடவையும் ஒரே ஆய்வுக்கூடத்தில், ஒரே வகைப் பரிசோதனையாக இருக்க வேண்டும். ஒரு லேபில் ட்ரோபோனின்-ஐ, இன்னொன்றில் ட்ரோபோனின்-டி என்று எடுத்தால் ஒப்பிடவே வழியில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எப்போதும் உயர்ந்திருக்கும் ட்ரோபோனின் வெறும் ‘வடிகட்டாத கழிவு’ இல்லை. மாரடைப்பு இல்லாவிட்டாலும் இதயம் மெல்ல மெல்ல அடி வாங்கிக்கொண்டிருக்கிறது என்று அது சொல்கிறது. ‘எப்பவும் இப்படித்தான்’ என்பதில் ஆறுதல் கொள்ள எதுவும் கிடையாது.

பதினான்கு மாத்திரை, அப்புறம் ஒரு ஊசி

2023-ல் தமிழ்நாடு அரசு ‘இதயம் காப்போம்’ என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாரடைப்பு அறிகுறியோடு வருபவருக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன் 14 மாத்திரை: ஆஸ்பிரின் 150 மில்லிகிராம் 2, குளோபிடோக்ரெல் 75 மில்லிகிராம் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராம் 8. கூட்டினால் 300, 300, 80. பார்க்க எளிதாக இருக்கிறது. சிறுநீரக நோயாளிக்குப் பொருத்திப் பார்த்தால்தான் இதன் அருமை தெரியும். இந்த மூன்றில் எதற்கும் சிறுநீரகத்தைப் பார்த்து அளவைக் குறைக்க வேண்டியதில்லை. கிரியாட்டினின் ரிசல்ட் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதும் இல்லை. ஒவ்வாமை, இப்போது ஓடிக்கொண்டிருக்கும் ரத்தக்கசிவு போன்ற தடைகள் இருந்தால் மட்டும் டாக்டர் யோசிப்பார்.

பெரிய ஆஸ்பத்திரியில் குளோபிடோக்ரெலுக்குப் பதிலாக டிகாக்ரெலார் கொடுக்கலாம். அதற்கும் அளவுக் குறைப்பு கிடையாது. 2009-ல் வெளியான ‘பிளேட்டோ’ ஆய்வில் சிறுநீரகம் தளர்ந்தவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது, இதய மரணம், மாரடைப்பு, பக்கவாதம் மூன்றும் சேர்ந்து குளோபிடோக்ரெல் எடுத்தவர்களில் 22 சதவீதம், டிகாக்ரெலார் எடுத்தவர்களில் 17.3 சதவீதம். டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்துமா என்பதற்கு ஆதாரம் குறைவு. இந்த மாத்திரை சிலருக்கு மூச்சுத்திணறல் போன்ற உணர்வைத் தரும். அம்மா போன்றவருக்கு அது தண்ணீர் கோத்ததா, மாத்திரையா என்று குழம்ப வைக்கும்.

சிக்கல் ஊசியில்தான் தொடங்குகிறது. ரத்தம் மேலும் உறையாமல் இருக்க ஒரு மருந்து தேவை. நம் ஊரில் அதிகம் போடுவது எனாக்ஸாபாரின். ‘வயித்துல போடுற ஊசி’ என்று நோயாளிகள் சொல்வார்கள். வழக்கமான கணக்கு: ஒரு கிலோ எடைக்கு ஒரு மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒரு முறை. அம்மாவுக்கு 45 மில்லிகிராம், காலையும் இரவும்.

இங்கே கொஞ்சம் நின்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். எனாக்ஸாபாரின் சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது. வடிகட்டும் வேகம் 30-க்குக் கீழே என்றால் அதே அளவை நாளுக்கு ஒரு முறை மட்டுமே தர வேண்டும். அம்மாவின் எண் 40 என்றுதானே பார்த்தோம், தப்பித்தோம் என்று நினைக்கலாம். ஆனால் மருந்து அளவுக்கு வழக்கமாகப் பார்ப்பது வேறொரு பழைய சூத்திரம். அதில் எடையும் வரும். 140-லிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, 72 மடங்கு கிரியாட்டினினால் வகுக்க வேண்டும். பெண் என்றால் 0.85-ஆல் பெருக்க வேண்டும். அம்மாவுக்கு 70, பெருக்கல் 45, வகுத்தல் 100.8, பெருக்கல் 0.85. விடை சுமார் 27.

ஆக, ‘கிட்னி லேசா வீக்’ என்று கேட்டுவிட்டு இரண்டு வேளை ஊசி போட்டால் தேவையைப் போல் இரண்டு மடங்கு போகிறது. அம்மா பருமனாக, 70 கிலோ இருந்திருந்தால் அதே வயது, அதே 1.4-க்கு விடை 40-ஐத் தாண்டியிருக்கும். இரண்டு வேளையும் சரி. எல்லாம் எடையால் வந்தது. அவசரப் பிரிவில் எடை மெஷினில் ஏற்றாமல் ‘ஒரு அறுபது இருக்குமா’ என்று கண் மதிப்பில் போடும் வழக்கம் எனக்கு எப்போதும் வயிற்றைக் கலக்கும். 2005-ல் அமெரிக்காவில் ‘குருசேட்’ என்ற பதிவேட்டை அலசியபோது, இந்த வகை மருந்துகள் பெற்றவர்களில் 42 சதவீதம் பேருக்கு முதல் டோஸ்களில் ஒன்றாவது பரிந்துரை அளவுக்கு வெளியே போயிருந்தது. அதிக அளவு கிடைத்தவர்கள் யார் என்று பார்த்தால் முதியவர்கள், பெண்கள், எடை குறைந்தவர்கள், சிறுநீரகம் தளர்ந்தவர்கள். நம் அம்மா நான்கு பட்டியலிலும் இருக்கிறார்.

சிறுநீரகம் மிகவும் மோசமாக இருந்தாலோ டயாலிசிஸில் இருந்தாலோ எனாக்ஸாபாரினை விட்டுவிட்டுப் பழைய ஹெப்பாரினுக்குப் போவது நல்லது. அது சிறுநீரகத்தை நம்பியிருப்பதில்லை. நரம்பில் சொட்டாக ஓடும். சில மணி நேரத்துக்கு ஒரு முறை ரத்தம் எடுத்து அளவைக் கூட்டிக் குறைக்கலாம். நிறுத்தினால் சீக்கிரம் வடிந்துவிடும். நர்ஸுக்கு வேலை அதிகம்தான். ரத்தக்கசிவு குறைவு என்று பெயர் வாங்கிய ஃபோண்டாபாரினக்ஸ் ஊசி, வடிகட்டும் வேகம் 20-க்குக் கீழே போனவர்களுக்கு ஆகாது. தட்டணுக்களைக் கட்டிப்போடும் எப்டிஃபிபடைட் சொட்டு மருந்தை 50-க்குக் கீழே பாதியாக்க வேண்டும்; டயாலிசிஸில் தரவே கூடாது.

இவ்வளவு கணக்கு எதற்கு? சிறுநீரகம் தளர்ந்தவரின் தட்டணுக்கள் விசித்திரமானவை. தேவையான இடத்தில் சரியாக ஒட்டாது, அதனால் கசிவு சுலபம். ரத்தக்குழாய்ச் சுவரும் அழற்சியும் சேர்ந்து உறைவையும் சுலபமாக்குகின்றன. உறைவதும் ஒழுகுவதும் ஒரே உடம்பில். நடுவில் இருக்கும் வரப்பு ஒல்லியானது.

வலிக்கு மார்ஃபின் போடும்போதும் இந்தக் கவனம் வேண்டும். அதன் சிதைவுப் பொருள் தேங்கி நோயாளியை அளவுக்கு மீறித் தூங்க வைக்கும், மூச்சை மந்தமாக்கும். டைக்ளோஃபெனாக் போன்ற வலி ஊசிகள் இதயத்துக்கும் ஆகாது, சிறுநீரகத்துக்கும் ஆகாது.

சாயத்தின் மேல் பயம்

“ஆஞ்சியோ பண்ணா கிட்னி போயிடுமாமே?”

இந்தக் கேள்வியை உறவினர்கள் கேட்கிறார்கள், டாக்டர்களும் தங்களுக்குள் கேட்டுக்கொள்கிறார்கள். பயம் ஆதாரமற்றதில்லை. தமனியைப் படம் பிடிக்க ஏற்றும் அயோடின் சாயம் சிறுநீரகத்தைச் சோர்வாக்கலாம். பொதுவாக இரண்டு மூன்று நாளில் கிரியாட்டினின் ஏறி, பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிரண்டு வாரத்தில் இறங்கிவிடும். ஆனால் பயத்தின் அளவு பழைய காலத்துச் சாயங்களால் வந்தது. இப்போதைய சாயங்கள் அவற்றைவிட மென்மையானவை. தவிர, மாரடைப்பு வந்தவரின் சிறுநீரகம் கெடுவதற்குச் சாயத்தைத் தவிர வேறு காரணங்களும் இருக்கின்றன: இதயம் சரியாக அடிக்காததால் ரத்த அழுத்தம் விழுவது, ரத்தக்கசிவு, தமனிச் சுவரிலிருந்து உதிரும் கொழுப்புத் துகள். இவற்றில் முதலாவதைச் சரிசெய்ய வழியே அடைப்பைத் திறப்பதுதான். இதயம் நின்றுபோனால் சிறுநீரகத்தைக் காப்பாற்றி என்ன பயன் என்பது கொஞ்சம் கரடுமுரடான பேச்சு. கட்டில் அருகில் நின்று முடிவெடுப்பவர்கள் கடைசியில் இதைத்தான் பேசிக்கொள்கிறார்கள்.

முழு அடைப்பு என்றால் கேள்வியே இல்லை. கிரியாட்டினின் என்ன சொன்னாலும் குழாயை உடனே திறக்க வேண்டும். ஆஞ்சியோ செய்யும் கேத் லேப் எட்டாத தூரம் என்றால் உறைவைக் கரைக்கும் ஊசி போட்டுவிட்டு அனுப்ப வேண்டும். பகுதி அடைப்பில்தான் யோசிக்க இடம் இருக்கிறது. சுவீடன் நாட்டு இதயப் பதிவேட்டில் 23,262 பேரை வைத்து 2009-ல் வெளியான ஆய்வில், சிறுநீரகம் மிதமாகத் தளர்ந்தவர்கள்வரை சீக்கிரம் ஆஞ்சியோ செய்தவர்கள் ஒரு வருடத்தில் அதிகம் பிழைத்திருந்தார்கள். சிறுநீரகம் முழுதாக விழுந்தவர்களிடம் அந்த நன்மை மங்கியது. இது பதிவேடு, குலுக்கல் முறைச் சோதனை இல்லை. திடமாக இருந்தவர்களையே ஆஞ்சியோவுக்குத் தேர்ந்தெடுத்திருக்கலாம். ஆனால் குலுக்கல் சோதனைகளை நம்பலாம் என்றால், அவற்றில் பாதிக்கும் மேல் சிறுநீரக நோயாளிகளைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை. யாருக்கு இந்த நோய் அதிகம் வருகிறதோ அவர்களை விட்டுவிட்டு மருந்தைச் சோதித்திருக்கிறோம்.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். 2020-ல் ‘இஸ்கீமியா-சிகேடி’ என்ற ஆய்வு வந்தது. வடிகட்டும் வேகம் 30-க்குக் கீழே இருந்த, அல்லது டயாலிசிஸில் இருந்த 777 பேர். ஒரு பாதிக்கு ஆஞ்சியோ, தேவைப்பட்டால் ஸ்டென்ட் அல்லது பைபாஸ். மறுபாதிக்கு மருந்து மட்டும். மூன்று வருடத்தில் மரணமோ மாரடைப்போ 36.4 சதவீதம், 36.7 சதவீதம். வித்தியாசமே இல்லை. இதைக் காட்டி ‘கிட்னி பேஷன்ட்டுக்கு ஆஞ்சியோ வேண்டாம்’ என்று சொல்பவர்கள் உண்டு. அந்த 777 பேரும் நிலையான இதய நோய் உள்ளவர்கள். மாரடைப்போடு ஓடிவந்தவர்கள் இல்லை. மாடிப்படி ஏறினால் கொஞ்சம் இறுக்கம் என்பவருக்கு அவசரப்பட்டு ஆஞ்சியோ செய்ய வேண்டாம் என்று அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ட்ரோபோனின் 60-லிருந்து 140-க்கு ஏறிக்கொண்டிருக்கும் நம் அம்மாவுக்கு அந்த ஆய்வு எதுவும் சொல்லவில்லை.

அம்மாவுக்கு ஆஞ்சியோ செய்வது என்று முடிவானால் சிறுநீரகத்தைக் காப்பாற்ற என்ன செய்யலாம்? ரொம்ப எளிய விஷயங்கள்தான் பலன் தருகின்றன. சாயத்தைக் குறைவாகப் பயன்படுத்துவது. பல கேத் லேப்களில் சிறுநீரக எண்ணின் மூன்று மடங்குக்குள் மில்லி அளவை நிறுத்தப் பார்ப்பார்கள். அம்மாவின் எண் 40. ஆகவே 120 மில்லிக்குள், முடிந்தால் அதற்கும் கீழே. குழாய்க்குள்ளேயே அல்ட்ராசவுண்ட் விட்டு சாயத்தை வெகுவாகக் குறைத்து ஸ்டென்ட் வைக்கும் திறமைசாலிகளும் இருக்கிறார்கள். நரம்பில் சாதாரண சலைன் மணிக்கு ஒரு கிலோவுக்கு ஒரு மில்லி, அம்மாவுக்கு 45 மில்லி. இதயம் பலவீனமாக, நுரையீரலில் நீர் கோத்து இருந்தால் அதிலும் பாதி அல்லது வேண்டவே வேண்டாம். எல்லோரும் நம்பிக் கொடுத்துவந்த அசிட்டைல்சிஸ்டீன் மாத்திரையும் சோடா உப்புச் சொட்டும் 2018-ல் வந்த ‘பிரிசர்வ்’ ஆய்வில் சாதாரண சலைனைவிட எந்த விதத்திலும் மேலாக இல்லை. சுமார் 5,000 பேரை வைத்துப் பார்த்த பிறகும் சில இடங்களில் அந்த மாத்திரை தொடர்கிறது. பழக்கம் லேசில் விடாது. மெட்ஃபார்மின் மாத்திரையை மட்டும் ஓரிரு நாள் நிறுத்தி, கிரியாட்டினினைப் பார்த்துவிட்டுத் திரும்பத் தொடங்குவார்கள்.

வார்டில் நடப்பது இன்னொன்று. ‘சாயம் வெளியே போகணும், நிறையத் தண்ணி குடிங்க’ என்று யாராவது சொன்னதும் மகன் கீழே போய் இரண்டு இளநீர் வெட்டி வாங்கிவருவார். இளநீரில் பொட்டாசியம் ஏராளம். சாயத்தால் சோர்ந்திருக்கும் சிறுநீரகத்துக்கு, அதோடு பிரஷர் மாத்திரையும் ஏறியிருக்கும் நேரத்தில், இதயத்தின் தாளத்தையே தடுமாற வைக்கும் பொருளை அன்போடு ஊட்டுகிறோம். ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்பதிலும் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம்தான் இருக்கிறது.

டயாலிசிஸ் நாற்காலியிலிருந்து வருபவர்

டயாலிசிஸில் இருப்பவரின் கதை கொஞ்சம் வேறு. வாரத்துக்கு மூன்று நாள் என்றால் ஒரு இடைவெளி மட்டும் நீளமாக, இரண்டு நாள் விழும். செவ்வாய், வியாழன், சனி என்று போகிறவருக்கு ஞாயிறும் திங்களும். அமெரிக்காவில் 32,065 பேரை வைத்து 2011-ல் வந்த ஆய்வில், அந்த நீண்ட இடைவெளிக்குப் பிறகு வரும் நாளில் மரணமும் மாரடைப்பும் மற்ற நாட்களைவிடக் கூடுதலாக இருந்தன. நீரும் பொட்டாசியமும் சேர்ந்து உச்சத்தில் நிற்கும் நேரம் அது. நம் ஊரில் பணத்துக்கும் பஸ்ஸுக்கும் யோசித்து ‘இந்த வாரம் இரண்டு போதும்’ என்று இடைவெளியை இன்னும் நீட்டுகிறவர்கள் எத்தனையோ பேர்.

அவர்கள் மாரடைப்போடு வரும்போது ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்த இடம்) போட்ட கையில் ஊசி குத்தக்கூடாது, பிரஷர் பட்டை கட்டக்கூடாது. ஆஞ்சியோவை மணிக்கட்டு வழியாகச் செய்தால் ரத்தக்கசிவு குறைவு என்பதால் இப்போது எல்லோரும் அதையே விரும்புகிறார்கள். ஆனால் நாளைக்கு ஃபிஸ்டுலா போட வேண்டிவரும் ஒருவரின் மணிக்கட்டுத் தமனியைக் கெடுத்துவிட்டால் அந்தக் கை வீண். ஆகவே எந்தக் கையைச் சேமித்து வைப்பது, தொடை வழியாகப் போவதா என்பதை இதய டாக்டரும் சிறுநீரக டாக்டரும் பேசித்தான் தீர்மானிக்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே கட்டிலருகே நிற்பது எவ்வளவு அரிது என்று ஆஸ்பத்திரி பழகியவர்களுக்குத் தெரியும். மாரடைப்புக்கு ஹெப்பாரின் ஓடிக்கொண்டிருக்கும்போது, டயாலிசிஸ் மெஷினிலும் வழக்கம்போல் ஹெப்பாரின் சேர்த்துவிடுவது இன்னொரு ஆபத்து. டயாலிசிஸ் டெக்னீஷியனிடம் யாராவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

சுண்ணாம்பு படிந்த தமனியில் ஸ்டென்ட் வைப்பதும் லேசான வேலை இல்லை. பலூன் விரியாது. வைரத்தூள் பதித்த முனையால் ராவுவார்கள், அல்லது அதிர்வு அலையால் சுண்ணாம்பை நொறுக்குவார்கள். சிறுநீரகக் கல்லை உடைக்கும் அதே உத்தி, இப்போது இதயக் குழாய்க்குள்.

வீட்டுக்குப் போன பிறகு

மருந்துப் பட்டியல் நீளும். ஆஸ்பிரினும் இரண்டாவது தட்டணு மருந்தும், பொதுவாக ஒரு வருடம்; கசியும் ஆபத்து அதிகம் என்றால் டாக்டர் முன்பே குறைப்பார். தானாக நிறுத்தக்கூடாது. கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின் என்றால் அளவு மாற்றம் தேவையில்லை. ரோசுவாஸ்டாட்டின் என்றால் கடுமையான சிறுநீரக நோயில் 10 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. பீட்டா பிளாக்கர்களில் அட்டெனலால் சிறுநீரகம் வழி போவதால் தேங்கும், மெட்டோப்ரோலால் டயாலிசிஸில் வடிந்துவிடும், கார்வெடிலால் வடியாது. ராமிப்ரில் போன்ற பிரஷர் மாத்திரை தொடங்கிய ஒன்றிரண்டு வாரத்தில் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறும். 30 சதவீதம்வரை ஏறினால் பதறி நிறுத்த வேண்டியதில்லை, பொட்டாசியத்தோடு சேர்த்துக் கவனித்தால் போதும். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகள் சிறுநீரகத்தின் சரிவையே மெதுவாக்கும் என்று 2020-லிருந்து வந்த பெரிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மாரடைப்பின் புழுதி அடங்கிய பிறகு அவற்றைப் பற்றி டாக்டரிடம் கேட்கலாம். மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் மாத்திரைகளைத் தொடவே கூடாது.

இத்தனையையும் ஒரு குடும்பம் நினைவில் வைத்துக்கொள்ள முடியாது, வைக்கவும் வேண்டாம். ஒரு தாள் போதும். ரேஷன் கார்டும் காப்பீட்டு அட்டையும் வைத்திருக்கும் அதே பிளாஸ்டிக் கவரில் போட்டு வையுங்கள். அதில் சரியான எடை, இந்த மாதம் பார்த்தது. கடைசி மூன்று கிரியாட்டினினும் தேதிகளும். முன்பு எப்போதாவது ட்ரோபோனின் பார்த்திருந்தால் அந்த எண். உடம்பு நன்றாக இருந்தபோது எடுத்த ஈசிஜியின் ஜெராக்ஸ். சாப்பிடும் மாத்திரைகளின் பெயர். டயாலிசிஸ் என்றால் கடைசியாகச் செய்த கிழமை, எந்தக் கையில் ஃபிஸ்டுலா. 108 வண்டி வந்து நிற்கும்போது அந்தக் கவரை எடுத்துக்கொண்டு ஏறினால், அவசரப் பிரிவில் ஒருவர் “எடை எவ்வளவு?” என்று கேட்கும்போது மகன் அம்மாவின் முகத்தைப் பார்த்து யோசிக்க வேண்டியிருக்காது. நாற்பத்தைந்து என்று சொல்லலாம்.